சாப்பாட்டு டப்பாவில் வந்த சேறு

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். குடிநீர்ச் சுரங்கம் தோண்டுகிற கூட்டத்தில் யாரும் அதைத் தேடிப் போகவில்லை. காண்ட்ராக்டரின் தள மேலாளரான அவர், எதைக் கேட்டாலும் "பிரச்சனையில்ல" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

குடிநீர் வாரியத்துப் பொறியாளரான அவளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அந்தப் பதிலைத்தான் நம்ப முடியாது. போன சுரங்கத்தில், மண்ணுக்குள் எது வந்தாலும் நஷ்டம் காண்ட்ராக்டர் தலையில் என்று ஒப்பந்தம். பாறை மோசம் என்று வாயைத் திறந்தால் யாருக்கு அடி? அவர் திறக்கவில்லை. கூரை சரிந்தது. எல்லாரும் சாப்பிட வெளியே வந்திருந்ததால் உயிர் பிழைத்தார்கள். அப்புறம் இரண்டு தரப்பும் கோர்ட்டில் மல்லுக்கட்டியதுதான் மிச்சம்.

மலைக்கடியில் அடுத்த சுரங்கம் என்றதும் அவள் பிடிவாதமாக நின்றாள். துளை போட்டு எடுத்த பாறைத் துண்டுகளை ஒளிக்காமல் காட்டுவோம். காண்ட்ராக்டரை வரைபடம் போடும்போதே கூட உட்கார வைப்போம். உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று சேர்ந்து எழுதிக்கொள்வோம். அதைவிட மோசமாக இருந்தால் செலவில் ஆளுக்குப் பாதி.

"தலைவலிய விலைக்கு வாங்கச் சொல்றீங்களா?" என்றார் வாரியத்து இயக்குநர்.

"அது ஏற்கெனவே நம்ம தலைவலிதான் சார். இனிமே முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான்."

இயக்குநர் சம்மதித்தார். "காண்ட்ராக்டர் மறுபடி எதையாவது மறைச்சா உங்க தலைதான் உருளும்" என்று சொல்லிவிட்டுத்தான்.

வேலை அதே காண்ட்ராக்டருக்கே கிடைத்தது; தள மேலாளரும் அதே 'பிரச்சனையில்ல'தான். தினமும் தோண்டுவதற்கு முன் ஒரு நீளத் துளை போட்டு, முன்னால் என்ன இருக்கிறதென்று பார்ப்பார்கள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"பிரச்சனையில்லம்மா."

அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஒப்பந்தத்தை மாற்றியாயிற்று, மனுஷனை எப்படி மாற்றுவது? துருவிக் கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று அவர் மனசு நோகும். கேட்காமல் விட்டால் உள்ளே இருக்கிறவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு?

ஒரு காலையில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே அவள் அறைக்குள் வந்து, மேஜைமேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் சேறு.

"என்னண்ணே, இதுலயா?"

"கைக்குக் கிடைச்சது இதுதாம்மா. துளையில தண்ணி பீச்சி அடிக்குது, கூடவே இந்தச் சேறு. நாம எழுதுனதுல இப்படி இல்ல. ஆளுங்க எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டேன்." தலையைக் குனிந்துகொண்டார். "பிரச்சனை இருக்கும்மா."

அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கண்ணே."

"இது யாரு தலையில விடியும்?"

"ரெண்டு பேர் தலையிலயும்தான். சேர்ந்தே அடைப்போம்."

அவர் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டார். அவள் இயக்குநருக்குப் போன் போட்டாள். "சார், சுரங்கத்துல பிரச்சனை இருக்கு. வேலைய நிறுத்தியாச்சு."

"அத ஏம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தபோது, அவர் கவலையோடு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுல புதுசா வாங்குன டப்பாம்மா. அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"அதுல பங்கு கிடையாதுண்ணே," என்றாள் அவள். "அது முழுக்க உங்க தலையிலதான்."