மோதிர விரல் இல்லாத கை

காலை ஆறு மணிக்கே ஜம்புலிங்கம் கம்பெனியின் பிளாஸ்டிங் கூண்டு இரையத் தொடங்கிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெருவில், அதற்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் காயப்போடும் புடவையில் அவர்கள் இரும்புத்தூள். என் காதில் அவர்கள் கதை. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. சுவர் குட்டை, அவ்வளவுதான்.

கார் பிராக்கெட்டுகளை எண்ணெய் போகக் கழுவிக் கொடுத்தால், பால்ராஜ் கூண்டில் போட்டுத் துருப்போக இரும்புக் குருணையைப் பீய்ச்சி அடிப்பார். சாம்பல் நிறமாக வெளியே வருவதை ஞானம்மாளும் வரலட்சுமியும் வாங்கி, திருகு மரைத் துளைகளில் ரப்பர் அடைத்து, பெயிண்ட் படக்கூடாத இடத்தில் டேப் சுற்றிக் கொக்கியில் மாட்டுவார்கள். பிறகுதான் பெயிண்ட் பவுடர் தூவி அடுப்பில் சுடுவது. அடித்த இரும்பை வெறுங்கையால் தொட்டால் வியர்வை பட்ட இடம் துருவாகும். மேலே பெயிண்ட் நிற்காது. முதலாளி ஜம்புலிங்கத்துக்கும் இது தெரியும். மூன்று மாதமாகக் கிளவுஸ் கேட்டால் "அடுத்த வாரம்" என்பார். அவருடைய புது மாருதி சீட்டுக்கு மட்டும் வெல்வெட் உறை வந்துவிட்டது.

முந்தின வாரம் அனுப்பிய சரக்கு அன்று திரும்பி வந்தது. ஒரு பிராக்கெட்டில் பெயிண்ட் கை வடிவத்திலேயே உரிந்திருந்தது. மோதிர விரல் இடத்தில் மட்டும் பெயிண்ட் உரியாமல் பளபளவென்று இருந்தது.

ஞானம்மாளின் மோதிர விரலைப் போன வருஷம் அதே ஷெட்டின் பிரஸ் மிஷின் எடுத்துக்கொண்டது.

"இது யாரு கைன்னு ஜோசியம் பாக்கணுமா? நாளைலேர்ந்து வராத ஞானம்."

"எல்லாரும் வெறுங்கையாலதான் தொடுறோம் மொதலாளி. என் கை மட்டும் அடையாளம் தெரியுது."

"மாட்டிகினவதான் திருடி."

"வெரலையும் வாங்கிகின, இப்ப வேலையும் வாங்கிக்கிறியா?" என்று கத்தினாள் வரலட்சுமி. ஜம்புலிங்கத்துக்குக் காது கேட்கவில்லை. வேண்டாதது எதுவும் அவருக்குக் கேட்பதில்லை.

ஞானம்மாள் தூக்குவாளியோடு வெளியேறினாள். சாயங்காலம் பால்ராஜ் டேப் சுருளை எடுத்து, தன் மோதிர விரலை மடக்கி உள்ளங்கையோடு சுற்றினார்.

"இன்னாண்ணே பண்ற?" என்றாள் வரலட்சுமி.

"தனியா மடங்க மாட்டேங்குதும்மா. கட்டினாத்தான் நிக்கிது."

டேப் மீதியிருந்த பதினொரு பேரிடமும் சுற்றி வந்தது.

மறுநாள் காலை, அடித்து வைத்திருந்த நாற்பது பிராக்கெட்டுகளில் துருப் பழுப்பாகக் கைகள். பால்ராஜின் முறம் போன்ற கை, வரலட்சுமியின் சின்னக் கை, இடது, வலது. ஒன்றிலும் மோதிர விரல் இல்லை.

"எவன்டா இது?"

"ஜோசியம் பாரு மொதலாளி," என்றார் பால்ராஜ்.

"அத்தினி பேரையும் தொரத்திடுவேன்!"

"தொரத்து. பத்து மணிக்குச் சரக்கெடுக்க வேன் வருது. யாரு கொக்கியில மாட்டுவா, நீயா? வெறுங்கையாலயா?"

வரலட்சுமி முன்னால் வந்தாள். "கிளவுஸ் குடு. ஞானக்காவ உள்ள வுடு. திரும்ப அடிச்சுத் தர்றோம்."

ஜம்புலிங்கம் ஆபீசுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். பதினொரு பேரும் கேட்டுக்கு வெளியே வந்து, அங்கே நின்றிருந்த ஞானம்மாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பத்து மணிக்கு வந்த வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆபீஸ் கதவு இன்னும் திறக்கவில்லை.

சுவரோரம் நின்று நானும் என் மோதிர விரலை மடக்கிப் பார்க்கிறேன். சுண்டுவிரலும் கூடவே வருகிறது. ஒன்றை மடக்கினால் பக்கத்தது சும்மா இருக்காது போலிருக்கிறது.