இரண்டு மணி ஊசி

இடது கண் மறுபடியும் திறந்துகொண்டது. லாரி ஓட்டுநர் இரண்டாம் முறையாக மனைவியின் இமையை மூடி, விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். உயிர் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

பத்தொன்பது வருடம் இதே வார்டின் தலைமை நர்ஸாக இருந்தவள். கடைசிப் பதினோரு நாள் ஏழாம் கட்டிலில் நோயாளியாகக் கிடந்தாள். புற்று முதுகெலும்புவரை ஏறியிருந்தது. அவள் வேலையிலிருந்த நாளில், பெண்டாட்டியைப் பார்க்கணும்னா நானும் ஏதாவது நோயை வாங்கிக்கிட்டுத்தான் வரணும் என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தவர் அவர். அதில் பாதிதான் வேடிக்கை.

உடம்பைத் துடைக்க வெந்நீரோடு ஒரு நர்ஸ் வந்தாள். மெலிந்த பெண். மனைவி அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவாள். திரையை இழுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தவள், துணியை எடுக்காமல் நின்றாள்.

"அண்ணே, ரெண்டு மணி ஊசியை நான்தான் மறந்துட்டேன்."

அவர் விரல் இமையிலிருந்து நழுவியது.

வலிக்குப் போடும் ஊசி. இன்றைக்கு நாலரைக்குத்தான் வந்தது. அந்த இரண்டரை மணி நேரமும் மனைவி துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆள் கூப்பிட இவர் எழுந்தபோதெல்லாம் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவங்களுக்கும் ரெண்டு கைதானே, வருவாங்க என்றாள். இவரும் உட்கார்ந்திருந்தார்.

ஷிஃப்ட் முடிந்து போன நர்ஸ் ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அடுத்த கட்டில்காரருக்கு மூச்சுத் திணறியதில் இவளுக்கு அது அடியோடு மறந்துபோனதாம்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இனிமேதான் எழுதிக் கொடுக்கணும்."

"எங்கிட்ட ஏன் சொல்றே?"

"சிஸ்டர் இருந்திருந்தா மொதல்ல அவங்ககிட்டதான் சொல்லியிருப்பேன்."

முன்பொரு தடவை யாரோ மருந்தை மாற்றிக் கொடுத்துவிட, என் வார்டில் நடந்தது என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வரவேண்டிய பதவி உயர்வையும் தொலைத்துவிட்டு வந்தாள் மனைவி. உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியே என்று இவர் கத்தித் தீர்த்தார். அதட்டினா அடுத்த தடவை மறைப்பாங்க, மறைச்சா நோயாளி உயிர் போயிடும் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. இந்தப் பெண்களிடம் பேசியதில் பத்தில் ஒரு பங்கு வீட்டில் பேசியிருப்பாளா?

ஓங்கி ஒன்று விடலாம்போல் கை பரபரத்தது.

"துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தா," என்றார். "கிழிஞ்சே போச்சு."

குருவி மன்னிப்புக் கேட்கவில்லை. வழிந்த கண்ணீரைத் துடைக்காமல் நின்றாள். பாத்திரத்தில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஆறுது," என்றார் அவர்.

உடம்பைப் புரட்ட இன்னொரு ஆள் வேண்டும், கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை என்று அவள் மெல்லச் சொல்லச் சொல்ல, அப்படியே பிடித்தார். மூன்று எண்ணியதும் இருவருமாகப் புரட்டினார்கள்.

முதுகில் விரிப்பின் மடிப்புகள் கோடுகோடாகப் பதிந்திருந்தன. குருவி துணியைப் பிழிந்து அவற்றின்மேல் துடைத்தாள். போகவில்லை. துணியை மறுபடி நனைத்தாள்.