தனேஸ்வரன் அறிக்கையிலிருந்து வெட்டிய வரிகள்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. தனேஸ்வரன் அண்ணனின் அறிக்கையிலிருந்து நான் வெட்டிப் போட்ட வரிகளை வீணாக்க மனமில்லாமல் ஒட்டியது.

அண்ணன் சுங்காய் ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இன்ஜினியர். ஆஸ்திரேலிய விசாவுக்கு, தான் நிஜமாகவே இன்ஜினியர்தான் என்று தான் செய்த மூன்று வேலைகளை விவரித்து அறிக்கை எழுத வேண்டும். இரண்டு முடிந்தது. மூன்றாவதை எழுதித் தரச் சொல்லிப் புந்தோங்கில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கல்லூரி இதழில் நான் கிண்டல் எழுதுபவன் என்று தெரிந்தும் வந்தார் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அவருக்கு முப்பத்து மூன்று. வயதுக்கான புள்ளிகள் குறைந்துவிடும். அதற்குள் வேலை முடிய, அறிக்கையை அனுப்ப வெள்ளிக்கிழமை ஐந்து மணிதான் கடைசி.

2.

"மழை பெய்த மறுநாள் ஆலை பெருமூச்சு விட்டபடி"

வேண்டாம். ஆலைக்கு மூச்சு கிடையாது, புகைதான்.

மழை பெய்த மறுநாளெல்லாம் பழம் ஏற்றும் சங்கிலி நின்றுவிடும். அண்ணன் ஒரு மாதம் மோட்டாரைக் கழற்றி மாட்டினார். உதிரிப்பழம் கூட்டும் காளியம்மா ஒருநாள் துடைப்பத்தை நிறுத்தினார்.

"மோட்டாரு நல்லாத்தான் இருக்கு தம்பி. மழைன்னா லோரிக்காரன் பழத்தோட மண்ணையும் சேத்துல்ல கொட்டுறான்? கொட்டுற எடத்துலயே சல்லடை மாதிரி கம்பி வச்சா மண்ணு கீழ உதிந்திரும்லா."

வைத்தார்கள். கம்பிகளுக்கு இடையில் எவ்வளவு விடுவதென்று அண்ணன் கணக்கிட்டார். சங்கிலி அப்புறம் நிற்கவே இல்லை.

அறிக்கையில் நான் எழுதியது: 'மண் சேர்வதே காரணம் என்று நான் கண்டறிந்தேன்.'

வெட்டியது: காளியம்மா, துடைப்பம்.

3.

[காளியம்மா பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு கச்சிதமாகப் பேசினால் வாசகர் நம்ப மாட்டார் என்றேன்.

"நம்பலன்னா வந்து பாருடா. நெசமா இருக்காங்க."

"கதையில நெசம் எடுபடாதுண்ணே."

"டேய், இது கதை இல்ல, விசா!"]

4.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம்: 'இது முழுக்க என் சொந்த வேலை, என் சொந்த எழுத்து.' டிக் அடிக்கவேண்டும். மௌஸ் மேல் போன அண்ணன் விரல் அங்கேயே நின்றுவிட்டது. மழைகூடப் பெய்யவில்லை.

காளியம்மாவையே கேட்டுவிடலாம் என்று காரில் சுங்காய் போனோம்.

"அக்கா, அந்தக் கம்பிய நானே யோசிச்சேன்னு எழுதிக்கவா?"

"எழுதிக்க தம்பி. நானா பிளேன் ஏறப் போறேன்?" துடைப்பத்தைத் தரையில் தட்டினார். "ஆனா அங்க சங்கிலி நின்னா யார கூப்பிடுவ?"

அண்ணன் காரை நோக்கி நடந்தார். (அவருக்காக நான் மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அக்காதான் ஜெயித்தார்.)

5.

முடிவு அ: டிக் அடித்தார், போனார். மெல்பர்னில் மழை, அங்கே ஒரு சங்கிலி... (அழித்துவிட்டேன். நன்னெறிப் பாடப் புத்தக வாடை.)

முடிவு ஆ: 'யோசனை காளியம்மாவுடையது, கணக்கு என்னுடையது' என்று எழுதி அனுப்பினார். படித்த அதிகாரி காளியம்மாவுக்கு விசா அனுப்பினார். (எனக்குப் பிடித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.)

நடந்தது: வெள்ளிக்கிழமை, நாலே முக்கால். அண்ணன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"நீதான எழுதுன? நீயே அடி."

அப்போதுதான் உறைத்தது. யோசனை அக்காவுடையது, எழுத்து என்னுடையது. அந்தக் கட்டத்துக்குள் அண்ணனுக்கு மிஞ்சியது கம்பி இடைவெளி மட்டும். நானாவது யோக்கியனா? இந்தக் கதையிலும் நல்ல வரியெல்லாம் காளியம்மா சொன்னது. மேலே என் பெயரைப் போட்டுத்தான் இதழுக்கு அனுப்பப்போகிறேன்.

ஆகவே லேப்டாப்பை உங்கள் பக்கம் திருப்புகிறேன்.

☐

சீக்கிரம். பேட்டரி நாலு சதவீதம்.