தேறியிருக்கக் கூடாத கால்கள்

கசுபாவைப் பெற்றவள் என்பதால் அவளை ஊரே பானா கசுபா என்றுதான் கூப்பிடும். கிட்வே நகரச் சந்தையில் கப்பெந்தா என்னும் பொடிமீன் கருவாடு விற்பவள். எச்.ஐ.வி. மாத்திரை கிருமியை அடக்கி வைத்திருந்தது. பாதங்கள்தான் மரத்துப்போய், நாலடி வைக்கவும் யார் தோளாவது வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்குள் வந்து கடை போடாவிட்டால் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று சந்தைத் தலைவர் சொல்லியனுப்பியிருந்தார்.

அப்படிப்பட்டவளைத்தான் டாக்டர் சிசெங்காவின் ஆராய்ச்சி சீட்டுக் குலுக்கித் தாள் குழுவில் போட்டது. பாதிப் பேருக்கு உடற்பயிற்சி. மீதிப் பேருக்கு, உடற்பயிற்சி நல்லது என்று அச்சடித்த தாள் மட்டும். கடைசியில் இரு தரப்பையும் நடக்கவிட்டு அளந்து, பயிற்சியால் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பார்கள். 'அசைவே வாழ்வு' என்று ஆஸ்பத்திரி வாசலில் கட்டியிருந்த பேனரில் நோயாளிகளைவிட டாக்டர் பெரியதாக இருந்தார்.

இடையில் தெருவில் ஒரு சாவு. சாவு வீட்டில் பெண்கள் நாள்கணக்காகத் தரையில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்த பானா கசுபாவால் எழ முடியவில்லை.

"என்னடி, பொணத்தோட நீயும் கெளம்பறியா?" என்றாள் பயிற்சிக் குழுவில் இருந்த பக்கத்து வீட்டு பானா முவாபே. ஒரு முழங்காலை ஊன்றி எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது எல்லாம் அங்கேயே சொல்லிக்கொடுத்தாள். ஒப்பாரிக்கு நடுவே நாலைந்து பெண்கள் நுனிக்காலில் நின்றார்கள். பானா கசுபா அதற்குப் பிறகும் வீட்டில் அதைத் தினமும் செய்துவந்தாள்.

அளக்கும் நாளன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யார் தோளையும் தொடாமல் விறுவிறுவென்று போய்த் திரும்பினாள். டாக்டருக்கு முகம் கறுத்தது.

"யாரும்மா உனக்கு இதெல்லாம் கத்துக்குடுத்தது?"

"சாவு வீட்ல கத்துக்கிட்டேன் டாக்டர்."

"ஆராய்ச்சியையே கெடுத்துட்டியேம்மா! நீ தேறியிருக்கவே கூடாது. ஆராய்ச்சிக்குப் பணம் குடுத்த வெளிநாட்டுக்காரங்க வேற பார்க்க வர்றாங்க. கொஞ்ச நாள் எல்லாத்தையும் நிறுத்து. மறுபடி அளந்துக்கலாம்."

"நிறுத்தினா கால் பழையபடி ஆயிடுமே?"

"அதான் வேணும்" என்று டாக்டர் அவசரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

பானா கசுபாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

"என் கால் விழுந்தாத்தான் உங்க கட்டுரை எழுந்து நிக்குமா? நல்லதுன்னு நீங்கதானே தாள் குடுத்தீங்க? அந்த நல்லதைச் செஞ்சா திருட்டா? உங்கம்மாவுக்குக் கால் மரத்தாலும் கையில தாளைத்தான் குடுப்பீங்களா?"

"மரியாதையா பேசு. ஆராய்ச்சியிலேர்ந்து பேரை அடிச்சிடுவேன்."

"அடிங்க. மாத்திரை குடுக்கற ஜன்னல் வேற. அங்க உங்க பேச்சு செல்லாது."

வெளியே பெஞ்சில் தாள் குழுப் பெண்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். "எந்திரிங்கடி! சுவத்தைப் பிடிங்க, குதிகாலைத் தூக்குங்க!" என்று கத்தினாள். சாவு வீட்டில் கற்றதை அவர்களுக்குச் செய்தும் காட்டினாள்.

டாக்டர் ஓடி வந்தார். "அளந்து முடிக்கற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது!"

"உக்காந்துகிட்டே எப்படிங்க நடந்து காட்டறது?" என்றாள் ஒருத்தி. பெஞ்சு சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தியாகச் சுவரைப் பிடித்தார்கள்.

பானா கசுபா அதைப் பார்க்க நிற்கவில்லை. சந்தை மினிபஸ்ஸில் கண்டக்டர் நீட்டிய கையைத் தட்டிவிட்டுத் தானே ஏறினாள்.

"டிரைவரைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லு. என் எடத்துல எவளாவது கூடையை வெச்சிருந்தா இன்னிக்கி இருக்கு அவளுக்கு!"