பிடித்த வரி

பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளையும் மாத வரிசையில் அடுக்கி மேசைமேல் வைத்தேன். ஒவ்வொன்றிலும் வருமான வரி பிடித்தது எழுதியிருந்தது. அளவுக்கு மேல் பிடித்தது திரும்ப வரும் என்று நம்பித்தான் மகளின் காது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம்.

வரிக் கணக்கு பார்ப்பவர் வெகுநேரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க பேர்ல வரியே கட்டலையே."

"மாசாமாசம் பிடிச்சாங்களே தம்பி."

"பிடிச்சாங்க. கட்டினாத்தானே திரும்ப வரும்? இங்க எல்லா மாசமும் பூஜ்யம்."

"சீட்டு இருக்கே" என்றாள் மனைவி.

"அதை வெச்சு விசிறிக்கலாம் அக்கா" என்றவர், சொன்னது தனக்கே பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். "கம்பெனியில போய்க் கேளுங்க. அவங்கதான் கட்டணும்."

மனைவி என் சட்டைப் பையைப் பார்த்தாள். போன மாதம் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போன பிறகு, எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகக் கம்பெனியைப் பூட்டியது போர்மேனான நான்தான். சாவியை வாங்கிக்கொள்ள இதுவரை யாரும் வரவில்லை.

சீட்டுகளை மறுபடி வரிசையாக அடுக்கினேன். கேட்கப் போனாலும் அந்தக் கதவை நான்தான் திறந்துவிட வேண்டும்.