உள்ளே நாற்பத்தாறு

மேசை மேல் கிடந்த கைப்பேசி விசிலடித்தது. தையல்காரி மிஷினை மிதிப்பதை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். 'வெளியே குளிர்ந்துவிட்டது. ஜன்னலைத் திறக்கலாம்.' திறக்கலாம், யார் வேண்டாமென்றது? ஆனால் அவள் திறக்கவில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கூரை சாயங்காலத்தில் அப்படியே உள்ளே இறக்கும். பள்ளிக்கூடச் சீருடைத் துணியில் வியர்வை சொட்டிவிடாமல் கழுத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டாள். வீம்பு என்றால் சும்மாவா?

அந்த வானிலைக் கருவியை வாங்கி மாட்டியவன் அவள் புருஷன். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வெல்டர். கண்டதற்கெல்லாம் கருவி வாங்குவது அவன் குணம். போன விடுப்பில் ஒரு பெட்டியைச் சமையலறைக்கு வெளியே நிழலில் ஆணியடித்து மாட்டினான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இன்னொன்றைத் தையல் மிஷினுக்கு மேலே வைத்தான். வெளியே இருக்கும் சூடு வீட்டுச் சூட்டைவிடக் குறைந்ததும் இரண்டு பேர் கைப்பேசியிலும் விசில் வரும். "எல்லாத்தையும் அடைச்சு வச்சுக்கிட்டு வெந்து போகாத," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். விசில் வந்த கையோடு அங்கிருந்து அழைப்பும் வரும். "என்ன, திறந்தாச்சா?" அவ்வளவுதான் கேள்வி. அதிலிருந்து ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் கிளம்பும். நாள் முழுக்க அவள் மிஷின் மிதித்தது அந்த விசிலுக்காகத்தான்.

எல்லாம் ஒரு வார்த்தையில் கெட்டது. ஒப்பந்தம் முடிந்து வரவேண்டியவன் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான். போட்ட பிறகுதான் சொன்னான். கேட்டுவிட்டுப் போட்டிருந்தால் அவளே சரியென்றிருப்பாள், அதுதான் வேடிக்கை. "அங்கயே இருந்துக்கங்க. உங்கள யாரு வரச் சொன்னா?" என்று வைத்துவிட்டாள். அவன் அதையே பிடித்துக்கொண்டான், ரோஷக்காரன்! அதன்பின் விசில் மட்டும் வந்தது, அழைப்பு வரவில்லை. இவள் முந்திக்கொள்வாளா? மாட்டாள். ஆனால் வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்பது அவன் கைப்பேசியிலும் தெரியுமே. மூடியே வைத்திருந்தால் எண் இறங்காது. இறங்காவிட்டால் அவனுக்குப் பொறுக்காது, திட்டவாவது கூப்பிடுவான். திட்டினாலும் போதும். அந்தக் குரல் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு அவ்வளவு ஏக்கம்.

ஒரு வாரம் வெந்ததுதான் மிச்சம். கல்லுளிமங்கன் அசையவில்லை.

இன்று தேய்த்த சீருடைகளை அடுக்கும்போது ஒரு புத்தி வந்தது. புத்தியா அது! அந்தக் குட்டிப் பெட்டியை எடுத்து, சூடு ஆறாத இரண்டு சட்டைகளுக்கு நடுவே செருகினாள். கைப்பேசியில் எண் ஏறியது. முப்பத்தாறு, நாற்பது, நாற்பத்தாறு. துணிக்குவியலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கைப்பேசி வாய் திறக்கவில்லை. கதவுதான் படபடவென்று இடிபட்டது. பதறி எழுந்து ஓடினாள்.

கீழ்வீட்டு அக்கா. இவளும் புருஷனும் அக்காவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ஒலிபெருக்கி. ஒரு கையில் தண்ணீர் வாளி, மறு கையில் கைப்பேசி. மூச்சு இரைத்தது.

"எங்கடி நெருப்பு?"

"என்ன நெருப்புக்கா?"

"வீடு பத்திக்கிச்சுன்னு உன் வீட்டுக்காரரு அலர்றாரு! மூணு மாடி வாளியோட ஏறி வந்திருக்கேன். லைன்லதான் இருக்காரு."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊரையே கூப்பிடுவான், என்னைக் கூப்பிடமாட்டான்! அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். சாத்திய ஜன்னல்கள், இஸ்திரிப்பெட்டி, சட்டைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த பெட்டியின் மூலை. என்ன புரிந்ததோ, வாளியை இறக்கிவைத்துவிட்டுத் தன் கைப்பேசியை இவள் கையில் திணித்தாள். "பேசு. அடுப்புல பால் இருக்கு. பேசிட்டுக் கொண்டாந்து குடு." ஒலிபெருக்கி அதை ரகசியம் போலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனது.

அவள் காதில் வைத்தாள்.

"அக்கா? அக்கா, அவ இருக்காளா? ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" ஓடியவன் போல அவனுக்கு மூச்சு வாங்கியது. அந்த இரும்பு மேடையில் எங்கே ஓடுவான்? "அவளுக்கே அடிக்கலாம்னுதான் பார்த்தேன். அவ எடுக்கலன்னா... கோவத்துல எடுக்கலையா, இல்ல... எனக்கு எப்படிக்கா தெரியும்?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் முந்தியது. போய் ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்தாள். ஒவ்வொரு விடுப்பிலும் எண்ணெய் விடுகிறேன் என்று சொல்லி அவன் விடாமலே போன தாழ்ப்பாள், கிறீச்சென்று கத்தியது. காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அந்தக் கிறீச்சை அவன் அறிவான். பிறகு இணைப்பே அறுந்தது.

போச்சு. விளையாட்டுக்குச் செய்தது என்று தெரிந்துவிட்டது, இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. அவளுடைய கைப்பேசி! மடியிலிருந்து நழுவித் துணிக்குள் எங்கோ புதைந்திருந்தது. குவியல் மேல் விழுந்தாள். மடிப்புக் கலையாமல் தேய்த்து அடுக்கிய சட்டைகளை எல்லாம் இரண்டு கையாலும் வாரி வாரி வீசினாள். காற்றில் அவை அறையெங்கும் பறந்து விழுந்துகொண்டிருக்க, "இருங்க... வந்துட்டேன், வச்சிராதீங்க..." என்று துணிகளிடம் கெஞ்சிக்கொண்டே தேடினாள்.