நாலாவது தோள்

மேலத்தாங்கல் காலனியில் யாராவது செத்துப்போனால், அழுகைச் சத்தம் அடங்குவதற்குள் ஓர் ஆள் போய்க் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வருவான். காலனிக்கும் அவர்களுடைய இடுகாட்டுக்கும் நடுவில் கிடப்பது ஏரி பாய்கிற நஞ்சை. ஊர்த்தெரு வழியாகக் காலனிப் பிணம் போகக் கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். வரப்பில் ஒற்றை ஆள்தான் நடக்கலாம். அதனால் பாடையைத் தூக்குகிற நாலு பேரும் கால்வாய்க்குள் இறங்கித்தான் போவார்கள். கோடையில் செத்தவர்கள் புழுதியில் போனார்கள். மார்கழியில் செத்தவர்கள் தொடையளவுத் தண்ணீரில் போனார்கள்.

கலையரசி அந்தக் காலனிக்காரி. ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதி ஆனதால் தொண்ணூற்றாறில் நின்று ஜெயித்தாள். தலைவர் ஆன பிறகும் நடவுக்குப் போனாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவள் புருஷன் ராமதாஸ் ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

அவள் தலைவராகி இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஐப்பசி மாதத்தில், ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிற சந்திரமோகன் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். ஏரிக்குக் கீழே பன்னிரண்டு ஏக்கர் வாங்கியிருந்தார். அதை மனையாகப் பிரிக்க வேண்டும். நஞ்சையை மனையாக்குவதென்றால் விவசாய அதிகாரி தடையில்லை என்று எழுத வேண்டும். அதற்கும் முன்னால் ஊராட்சி தீர்மானம் போட வேண்டும்.

"தலைவரம்மா, நான் இன்னா சினிமா கொட்டாயா கட்டப் போறேன்? நெசவுக்காரங்களுக்குத்தான் மனை. ஆரணிக்கு ஒரு தபா வந்து பாருங்க. பத்தடி ரூம்ல தறி நிக்குது, தறி ஓரத்துல புள்ள தூங்குது. மழை வந்தா தறிக்குழியில தண்ணி. வாடகைக்கு வேற பயந்துகினு கிடக்கறாங்க. அவங்களும் மனுஷங்கதான?"

அதில் பொய் இல்லை. கலையரசி அந்த வீடுகளைப் பார்த்திருக்கிறாள்.

"இதுல கால்வா எங்கங்க?" என்று கேட்டாள்.

அவர் ஒரு நீளக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "இதான். இருபத்தி மூணு அடி ரோடு. அடியில பைப் போட்டுடுவோம், தண்ணி அது பாட்டுக்குப் போவும்." கோடு முடிந்த இடத்தில் விரலை நிறுத்தினார். "ரோடு எங்க முடியுது பாருங்க. உங்க இடுகாட்டுல. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். இனிமே வண்டி வெச்சியே எடுத்துகினு போலாம்."

குடியரசு தினத்தன்று கிராமசபை கூடும், அங்கே வைக்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ராமதாஸ் சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "உசுரோட இருக்கும்போதுதான் சேத்துல நடக்கறோம். செத்தாவது சிமென்டு ரோட்டுல போவோம். போட்டுக் குடு கலை."

"பைப்புல மண்ணு அடைச்சிக்கினா யாருய்யா எடுக்கறது? கீழ இருக்கிற நெலம் அத்தினியும் காயும். அப்பால நாங்க எத்தை நடறது?"

"எவன் நெலமோ காஞ்சா உனக்கு இன்னா?"

"நெலம் அவனுது. கூலி என்னுது."

ராமதாஸ் மூட்டை தூக்கிக் காய்த்த கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியே போனான்.

விஷயம் ஊருக்குள் பரவியது. கால்வாய் திரும்புகிற இடத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிற எல்லப்பன் ஒரு நாள் மத்தியானம் காலனிக்கே வந்துவிட்டார். அவர் காலனிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. கலையரசியை அதுவரை 'ஏ பொண்ணே' என்று கூப்பிட்டவர், அன்றைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சோறு போடற மண்ணும்மா. நீ கையெழுத்துப் போட்டியானா அதோட முடிஞ்சிது. வித்தவனுக்கு இன்னா, மெட்ராஸ்ல ஃபேனுக்கு அடியில குந்திகினு இருக்கான். தண்ணி நின்னு போனா நாங்க எங்க போறது?"

"வாஸ்தவந்தாங்க பெரியவரே. நான் போடல. நீங்க எங்களுக்கு ஒரு பாதை வுடுங்க. கால்வா ஓரமா, அவங்கவங்க நெலத்துல கொஞ்சம் கொஞ்சம்."

"அது வேற பேச்சு."

"எனக்கு ரெண்டும் ஒரே பேச்சுதாங்க."

"ஊரு கூடித்தான் சொல்லணும். மொதல்ல இதைப் பாரு."

கலையரசியின் மாமியார் சின்னம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எல்லப்பன் தாகம் இல்லை என்றார். உச்சி வெயிலில் வியர்வை அவர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தெருமுனை தாண்டியதும் சின்னம்மா அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள். "பாவம், வர்ற வழியில ஏரியையே குடிச்சிட்டு வந்துட்டாரு போல" என்றாள். தெருவே சிரித்தது.

மார்கழியில் சின்னம்மாவுக்குச் சளி நெஞ்சில் கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தாள், இரண்டாம் தடவை போவதற்குள் செத்துப்போனாள். அந்த வருஷம் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறுகிற கடைவாசல் வழிந்திருந்தது. கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்த காலனிக்காரன் சடையப்பன், "இடுப்பு வரைக்கும் கீது" என்றான்.

காலனிப் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை; தெரு முடிகிற இடத்தில் நின்றுவிடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் நஞ்சை முழுக்கத் தெரியும். பால் பிடித்த கதிர்களுக்கு மேலே பாடை மட்டும் மிதந்து போவதைக் கலையரசி பார்த்துக்கொண்டு நின்றாள். பாடையின் முன்பக்கம் ராமதாஸும் பக்கத்து வீட்டுப் பிரபாகரனும், பின்பக்கம் சடையப்பனும் இன்னொருவனும்.

கால்வாய் திரும்புகிற இடத்தில் குறுக்கே மதகுக்கல் இருக்கிறது. அங்கே கரையேறி, எல்லப்பன் நிலத்தின் மூலையை மிதித்துத்தான் தாண்ட வேண்டும். அறுத்த நிலமாக இருந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அன்றைக்கு எல்லப்பன் வரப்பில் நின்றிருந்தார்.

"கதிரு முத்தலப்பா. மிதிச்சா படுத்துடும். கல்லுக்கு அடியில குனிஞ்சி போயிடுங்க."

"குனிஞ்சா பொணம் நனையுங்க" என்றான் ராமதாஸ்.

"மெதுவாப் போனா நனையாது. நான் பாத்துகினு இருக்கேன், போங்க."

தோளில் தாயைச் சுமந்துகொண்டு ஒருவன் எவ்வளவு நேரம் வழக்காட முடியும்? குனிந்தார்கள். மதகுக்கல்லின் அடியில் பாசி. ராமதாஸின் கால் வழுக்கியது. தூரத்தில் நின்ற கலையரசிக்குக் கதிர்களுக்கு மேலே தெரிந்த பாடை சட்டென்று இல்லாமல் போனதுதான் தெரிந்தது. மேளம் நின்றது.

சின்னம்மா தண்ணீரில் கிடந்தாள். மாலை அறுந்து கால்வாயோடு போனது. ராமதாஸ் அவள் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, குளிக்கிற பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கினான். தலைமுடியிலிருந்து தண்ணீர் அவன் மேல் வழிந்தது. மறுபடியும் கட்டித் தூக்கினார்கள். கரையேறி, யாரையும் கேட்காமல், நெல்லை மிதித்துக்கொண்டே போனார்கள். எல்லப்பன் தடுக்கவில்லை. முகத்தை ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கருமாதி முடிந்த அன்று ராமதாஸ் சொன்னான்: "இருபத்தாறாந்தேதி ரோட்டுக்குப் போட்டுடு. போடலன்னா நான் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தின் முன்னால் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கிராமசபை என்றால் வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள். அன்று இடம் போதவில்லை. காலனிக்காரர்கள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். கை தூக்கச் சொன்னால் காலனிக் கைதான் அதிகம். அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். சந்திரமோகன் வெள்ளைச் சட்டையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். ஊராட்சி உதவியாளர் லோகநாதன் தீர்மானத்தைப் படிக்க எழுந்தார்.

கலையரசி அவரை நிறுத்தினாள்.

"படிக்கறதுக்கு முன்ன ஒண்ணு. கால்வா ஓரமா இடுகாடு வரைக்கும் எட்டடிப் பாதை. நெலத்துக்காரங்க ரிஜிஸ்தர் பண்ணி ஊராட்சிக்குக் குடுக்கணும். குடுத்தா, நஞ்சை நஞ்சையாவே இருக்கணும்னு தீர்மானம். குடுக்கலன்னா இவரு ரோட்டுக்குத் தீர்மானம். ரெண்டுல எதுன்னு இங்கியே சொல்லிடுங்க."

"என்னைக் காட்டி பேரம் பேசறீங்களே தலைவரம்மா" என்றார் சந்திரமோகன்.

"வியாபாரிகிட்ட கத்துக்கினதுதாங்க."

ஊர்ப்பக்கம் கசமுசா என்று பேச்சு எழுந்தது. கடைசியில் எல்லப்பன் எழுந்தார். "நாலடி தர்றோம். ஆளு நடக்க அது தாராளம்."

"ஒத்த ஆளு நடக்கறதுக்குக் கேக்கல" என்று பின்னாலிருந்து ராமதாஸ் கத்தினான்.

"நாலடியில ரெண்டு ஆளு போவலாம்ப்பா. வேணும்னா நடந்து காட்டு."

"சரி, நடந்தே பாத்துடலாம்" என்றாள் கலையரசி.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே நஞ்சை. எல்லோரும் கால்வாய்க் கரைக்குப் போனார்கள். யாரோ ஒருவன் பாடை கட்டலாம் என்றான்; வெறும் பாடையைத் தூக்கினால் ஊருக்கே ஆகாது என்று இரண்டு பக்கமும் சேர்ந்து அவனைத் திட்டியது. அந்த ஒரு விஷயத்தில்தான் அன்று ஒற்றுமை இருந்தது. வகுப்பிலிருந்து நீளப் பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ராமதாஸும் பிரபாகரனும் சடையப்பனும் ஆளுக்கொரு காலைத் தோளில் வாங்கினார்கள். நாலாவதாகக் காலனியிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். கலையரசி அவர்களைத் தடுத்தாள்.

"நம்ம ஆளுங்களே தூக்கினா, வேணும்னே அகலமா நடக்கறாங்கன்னு சொல்லுவாங்க. பெரியவரே, நாலாவது தோள் நீங்க குடுங்க. நீங்களே நடந்து பாத்து எத்தினி அடின்னு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் அளவு."

மூன்று தோளில் பெஞ்சு சாய்ந்து நின்றது. எல்லப்பன் தன் பங்காளிகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லீங்க. வெறும் பெஞ்சி" என்றாள் கலையரசி.

பெண்கள் பக்கத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ராமதாஸ் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "வாங்க. கனமில்ல. எங்கம்மா கனங்கூட இல்ல."

எல்லப்பன் ஓர் அடி முன்னால் வைத்தார். காலியாக இருந்த நாலாவது காலையும், அதற்குப் பக்கத்தில் வியர்த்திருந்த ராமதாஸின் தோளையும் பார்த்தார். அந்தத் தோளோடு தன் தோள் உரசி, காலனிப் பாடை தூக்குகிறவர்களின் வரிசையில், ஊர் பார்க்க நடக்க வேண்டும். வைத்த அடியைப் பின்னால் எடுத்தார்.

"எட்டே எழுதிக்கோப்பா" என்றார். அதைக்கூட லோகநாதனைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நேராக ஊருக்குள் நடந்தார். அடுத்து யாரைக் கூப்பிடுவாளோ என்று மற்ற நிலத்துக்காரர்களும் ஆளுக்கு முன்னால் ஆள் ஒத்துக்கொண்டார்கள்.

சந்திரமோகன் போவதற்கு முன் கலையரசியிடம் வந்தார். கோபமாக வரவில்லை. "உங்களுக்குப் பாதை கெடைச்சிது. குழியில தண்ணி நிக்கிற நெசவுக்காரனுக்கு நான் இன்னா சொல்லட்டும்?"

"மேட்டுப் புஞ்சையில பாருங்களேன்."

"அங்க குடிக்கத் தண்ணி இல்லீங்களே."

அவர் சேத்துப்பட்டுச் சாலையில் வேறு கிராமத்தில் வேறு நஞ்சையை வாங்கி மனை போட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டாள். அங்கே யாரும் மறிக்கவில்லை.

பத்திரம் பதிவான பிறகுதான் அவள் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டாள். அறுப்பு முடிந்ததும் காலனியே இறங்கி மண் கொட்டியது. ராமதாஸ் மில்லுக்குப் போகிறதற்கு முன்னால் வந்து மதகுக்கல்லை ஒட்டிய மூலையை மட்டும் தனி ஆளாக மேடாக்கிவிட்டுப் போவான். கலையரசியிடம் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அம்மா விழுந்த இடத்துக்கு ஒரு ரோடு வருகிறதென்று அவன் நம்பியிருந்தான், வந்தது மண்பாதை.

எல்லப்பன் தன் எல்லையில் நெருக்கமாகக் கல் நட்டு முள் அடைத்தார். அடுத்த நடவுக்குக் காலனிப் பெண்களைக் கூப்பிடவில்லை. போளூர்ப் பக்கமிருந்து டெம்போவில் ஆட்களை இறக்கினார். எந்த நிலத்தைக் கூலிக்காகக் கலையரசி காப்பாற்றினாளோ, அதிலே வேறு ஊர்ப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற நிலத்துக்காரர்களுக்கு டெம்போ வாடகை கட்டுப்படியாகவில்லை, அவர்கள் கூப்பிட்டார்கள்.

அப்படி ஒரு காலையில், கடைமடை நிலத்தில் நடவுக்காகக் கலையரசியும் ஐந்து பெண்களும் கால்வாய் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லப்பன் நிலத்தில் நட்டுக்கொண்டிருந்த போளூர்க்காரி ஒருத்தி நிமிர்ந்து, "இது எங்க போற பாதைம்மா?" என்று கேட்டாள்.

"இடுகாட்டுக்கு" என்றாள் கூட வந்த குணசுந்தரி. "இப்பத்திக்கு வேலைக்குப் போறோம்."

எல்லப்பன் முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நாற்றுக்கட்டு எண்ணிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. வரப்பில் போகும்போது முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், பேச முடியாது. இங்கே ஆறு பேரும் மும்மூன்று பேராகப் பக்கத்துப் பக்கத்தில் நடந்தார்கள், அன்றைக்குக் கூலியை எவ்வளவு கேட்கலாம் என்று பேசிக்கொண்டே.